உலகம்மாளின் வலது கன்னத்து மச்சம்

சங்குமுகப்பேட்டை மாவு மில்லுக்காரி மாடத்தியின் மகள் உலகம்மாள், செத்துப்போன தன் அக்காள் பேச்சியோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதற்காக, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தலைக்குக் குளித்து, மாம்பழக் கலர் சேலை கட்டி, பஜாரில் யேசுவடியான் நடத்திவந்த ஸ்டுடியோவுக்குப் போனாள். எங்கே போகிறாய் என்று வழியில் கேட்டவர்களிடமெல்லாம் அக்காளோடு போட்டோ எடுக்கப் போகிறேன் என்றுதான் சொன்னாள். அவர்களும் நல்லது, எடுத்துட்டு வா என்றுதான் சொன்னார்கள். யேசுவடியானால் எடுக்க முடியாத போட்டோ கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

உப்பளத்து முதலாளி தன் தலையைத் தானே தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு சிரிப்பதை யேசுவடியான் எடுத்திருக்கிறார். போஸ்ட்மேன் ஒருவரைக் குப்பிக்குள் உட்கார வைத்து எடுத்திருக்கிறார். இரண்டு கண்ணாடிகளைப் புத்தகம் விரித்தாற்போல் சாய்த்து நிறுத்தி, சலூன்காரர் ஒருவரே ஐந்து பேராக ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு விளையாடுவதை எடுத்து, அதைக் கடை வாசலில் மாட்டியும் வைத்திருந்தார். லென்ஸில் பாதியை மூடி ஒரு தரம், மறு பாதியை மூடி ஒரு தரம் எடுத்தால் ஒரே ஆள் தன்னோடு தானே கை குலுக்குவான். பின்னால் கறுப்பு வெல்வெட்டைத் தொங்கவிட்டால் வேண்டாத உடம்பெல்லாம் இருட்டோடு இருட்டாகப் போய்விடும். கேட்டவர்களுக்கு இதையெல்லாம் அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். ஆனாலும் ஊர்க்காரர்கள் போட்டோவைத்தான் நம்பினார்கள், அவர் சொன்னதை நம்பவில்லை.

பேச்சியும் உலகும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். பேச்சி கொஞ்சம் முந்திக்கொண்டதால் அக்காள் ஆனாள். உலகுக்கு மச்சம் இடது கன்னத்தில், பேச்சிக்கு அதே மச்சம் அதே அளவில் வலது கன்னத்தில். உலகு வலது கைக்காரி, பேச்சி எடுத்ததற்கெல்லாம் இடது கையை நீட்டுகிறவள். ஒருத்திக்கு உச்சிச் சுழி இந்தப் பக்கம் சுழித்தால் மற்றவளுக்கு அந்தப் பக்கம். எதிரெதிரே உட்கார வைத்தால் ஒருத்தி கண்ணாடி பார்ப்பது போலிருக்கும். இடது கையால் எழுதுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்படி பட்டுப் பட்டு, பேச்சி மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டாள். வாய் மட்டும் நின்றதே இல்லை. மில்லின் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்கும் அவள் பேச்சு. உலகு படித்தாள், டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் பண்ணி ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தாள், வீட்டில் அதிகம் பேசமாட்டாள்.

பேச்சியை ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த சண்முகக்கனிக்குக் கட்டிக்கொடுத்து, செண்பகம் என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்து, அது நடக்கத் தொடங்கியிருந்த சமயத்தில் மூளைக் காய்ச்சல் வந்து பேச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தை உலகின் மடியில் வளர்ந்தது. அதனால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, கொழுந்தியாளையே கட்டி வைத்துவிடுவோம், பிள்ளைக்கும் ஆச்சு, மாப்பிள்ளைக்கும் ஆச்சு என்று ஆவணியில் நாள் குறித்தார்கள். சண்முகக்கனி சரி என்றான். உலகிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. மூத்தவள் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இளையவளுக்குத் தாலி கட்ட வேண்டும் என்று மாடத்தி பிரியப்பட்டபோதுதான் பேச்சிக்கு ஒரு படம்கூட இல்லை என்பது தெரிந்தது. இருந்த ஒரே கல்யாணப் போட்டோ மழைக்கு ஒழுகிய சுவரோடு ஊறிப்போய், மாப்பிள்ளை முகம் மட்டும் மிஞ்சி, பெண் முகம் வெளுத்த திட்டாகக் கிடந்தது.

"அதுக்கென்ன, அவதான் கண்ணாடிக்குள்ள இருக்காளே. எடுத்துருவோம்" என்றார் யேசுவடியான்.

கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றிடம் வாங்கிய ஆளுயரக் கண்ணாடியை அவர் அந்த வெள்ளிக்கிழமை வெளியே எடுத்தார். அதன் சட்டம் தெரியாதபடி வெல்வெட்டைச் சுற்றி, உலகின் தோளை ஒட்டினாற்போலச் சாய்த்து நிறுத்தினார். சேலைத் தலைப்பு ஒரு தோளில் கிடந்தால் கண்ணாடிக்காரிக்கு அது எதிர்த் தோளில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொள்ளச் சொன்னார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர், "பேச்சி வந்துட்டாம்மா. உரிச்சு வச்ச மாதிரி இருக்கா. அசையாம லென்ஸையே பாரு தாயி" என்று சொல்லி லென்ஸின் மூடியைக் கழற்றினார்.

உலகு லென்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மட்டும் மெல்லப் பக்கத்தில் திருப்பினாள். பேச்சி அவளைப் பார்த்தாள். ஆவணியைப் பற்றியும், செண்பகத்தைப் பற்றியும், ஹையர் பரீட்சை பற்றியும் அக்காளிடம் கேட்க வேண்டியவை எவ்வளவோ இருந்தும், "வாயேன்ட்டி" என்று மட்டும் உதடு அசையாமல் சொன்னாள். யேசுவடியான் மூடியை மூடினார்.

ஸ்டூலிலிருந்து எழுந்தவள் வாசலுக்குப் போவதற்குப் பதிலாகச் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். செருப்பை மாற்றிப் போட்டாள். பஜாரில் இறங்கியதும் வலது பக்கம் இருக்க வேண்டிய மருந்துக் கடை இடது பக்கம் இருந்தது, கடைப் பெயர்கள் எல்லாம் தாளின் பின்பக்கமிருந்து பார்ப்பதுபோல் திரும்பிக் கிடந்தன, வீட்டுக்குப் போகிற திருப்பம் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டது. வெயிலில் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எங்கெங்கோ திரும்பி, மிளகாய் அரைபடும் நெடியை மோப்பம் பிடித்து ஒருவழியாக மில்லுக்கு வந்து சேர்ந்தாள்.

மாடத்தி மகள் முகத்தைப் பார்க்காமலே தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நீட்டிய செம்பை ஓர் இடது கை வாங்கியது. அந்தக் கை வாங்கிய விதம் மாடத்திக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

"பேச்சி" என்றாள் மாடத்தி. "எப்பட்டி வந்த?"

வரிசையில் டின்னோடு நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், பேச்சிதான் என்றார்கள். ஒருத்தி ஓடிவந்து தாவாங்கட்டையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இளைச்சிருக்கா, மத்தபடி அப்படியே இருக்கா என்றாள்.

"எம்மா, நான் உலகு."

"இருக்கட்டும் தாயி" என்று மாடத்தி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்க. கொழப்பமாத்தான் இருக்கும்."

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பேச்சி வந்துவிட்டாள் என்று கேட்டவர்கள் எப்படி வந்தாள் என்று கேட்கவில்லை. வந்தவளுக்குச் சாப்பாடு ஆகிவிட்டதா என்றுதான் கேட்டார்கள். பேச்சியிடம் வாங்கிய பித்தளைப் பானையை, அவள் செத்ததால் திருப்பிக் கொடுக்காமலே வைத்துக்கொண்ட பக்கத்துத் தெருக்காரி, புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பேச்சியோடு குழாயடியில் சண்டை போட்டு, பேசாமலே பிரிந்துவிட்டோமே என்று கருமாதியில் தலையில் அடித்துக்கொண்டு அழுத இன்னொருத்தி, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர வந்தாள். உலகு ஒன்றும் புரியாமல் விழிப்பதைப் பார்த்து அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. டாக்டர் இடது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு வலது பக்கம் மாற்றி வைத்தார். அங்கே நெஞ்சு நன்றாகத் துடிப்பதாகச் சொல்லி ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். ரேஷன் கார்டில் செத்தவர் பெயரை அடித்தால் அடித்ததுதான், திரும்பச் சேர்க்க எனக்கு வழி தெரியாது என்று கிராம அதிகாரி கொஞ்சநேரம் குழம்பிவிட்டு, அதனாலென்ன, உலகம்மாள் பெயரிலேயே பேச்சி அரிசி வாங்கிக்கொள்ளட்டும் என்று வழி சொன்னார். டீக்கடையில் இடது கைக்கு வசதியாகக் கிளாஸை வைத்தார்கள். கோயிலில் அவள் எதிர்த்திசையில் சுற்றி வந்து எல்லோர் மேலும் இடித்தபோது, பூசாரி சிரித்துக்கொண்டே விலகி வழிவிட்டார்.

உலகு சொல்லிப் பார்த்தாள். தனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதிகளைச் சொன்னாள். கூடப்பிறந்தவளிடம் உலகு சொல்லியிருப்பாள்தானே என்றார்கள். எழுதிக் காட்டினாள். எழுத்தெல்லாம் திரும்பி விழுந்தது. கண்ணாடியில் காட்டியபோது நான் உலகம்மாள் என்று தெளிவாகத் தெரிந்தது. எழுதப்படிக்கத் தெரியாமல் போன பேச்சி போன இடத்தில் எழுதக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கடைசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். விரல்களுக்குப் பாடம் மறக்கவில்லை. ஆனால் இடது கை வலது கையின் பாடத்தையும், வலது கை இடது கையின் பாடத்தையும் அடித்தன. தாளில் எந்தப் பாஷையிலும் சேராத எழுத்துகள் வரிசை வரிசையாக விழுந்தன. மாஸ்டர் தாளை உருவிப் பார்த்துவிட்டு, "உலகு நல்லா அடிக்கும்மா. நீ புதுசு, மெள்ளப் பழகலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடியில் பார்த்த முகம் அதில் இல்லை. மச்சம் பக்கம் மாறி, உச்சி வகிடு மாறி, மற்றவர்கள் நேருக்கு நேர் உலகை எப்படிப் பார்த்திருப்பார்களோ அப்படி ஒருத்தி உள்ளேயிருந்து பார்த்தாள். இந்த முகத்தை உலகு இதுவரை பார்த்ததே கிடையாது. சுமாராகத்தான் இருந்தாள், கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தாள். இவள்தான் உலகு என்றால் நான் யார் என்று அவளுக்கு முதல்தடவையாகச் சந்தேகம் வந்தது.

சண்முகக்கனி வந்தான். வாசலில் நின்று அவளைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் தோளில் இருந்து இறங்கி வந்த செண்பகம், போன வாரம்வரை சித்தி என்று கூப்பிட்ட குழந்தை, அவள் வலது கன்னத்து மச்சத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு "அம்மா" என்றது. அதற்குமேல் நான் அம்மா இல்லை என்று அந்தக் குழந்தையிடம் சொல்ல உலகுக்கு நாக்கு எழவில்லை. கட்டினவனையே இன்னொரு தரம் கட்ட வேண்டியதில்லை என்பதால் ஆவணிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டு, பெரியவர்கள் அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அப்புறம்தான் மாடத்திக்கு மற்றொன்று உறைத்தது. பேச்சி வந்துவிட்டாள் என்றால் உலகு எங்கே? போட்டோ எடுக்கப் போன பெண் திரும்பி வரவில்லையே. ஊர் கூடி யோசித்தது. ஒருத்தி வர ஒருத்தி போயிருக்கிறாள், வேறு விளக்கம் இல்லை என்று முடிவானது. போனவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடலாமா? உடம்பு இல்லாததால் உலகின் சேலைகளையும், டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டையும், அவள் தலைக்குக் குத்தும் கிளிப்பையும் ஒரு பலகையில் வைத்து மாலை போட்டார்கள். கூடப்பிறந்தவள் வராமல் எப்படி என்று சண்முகக்கனி வீட்டுக்கு ஆள் அனுப்பி அவளையும் கூட்டிவந்து, தலைமாட்டில் உட்கார வைத்தார்கள்.

தன் சேலைகளுக்கு முன்னால் உலகு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள். உலகு எவ்வளவு பொறுமைசாலி என்றும், யாருக்கும் ஒரு சொல் சுடச் சொன்னதில்லை என்றும், அவளோடு மொத்தமாகவே பத்து வார்த்தை பேசியிராதவர்கள் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். மாடத்தி எல்லோருக்கும் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"வாய் திறந்து நீ ஒண்ணு கேட்டதே இல்லியே, என் மகளே,
வாய் திறந்து நானும் ஒன்னைக் கேட்டதே இல்லியே.
அவளுக்கு வாங்கின சேலையில மிச்சம் ஒனக்கு,
அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளையும் மிச்சம் ஒனக்கு,
சரியான்னு கேட்டனா, என் மகளே,
சம்மதமான்னு கேட்டனா."

அம்மாவுக்கு இது தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. நகர்ந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்து, "எம்மா, நான் இங்கனதான் இருக்கேன்" என்றாள்.

மாடத்தி அவள் கன்னத்தைத் தடவினாள். "நீ இருக்க தாயி. அவ இல்லியே" என்று சொல்லிவிட்டு இன்னும் ஓங்கி அழுதாள். உலகும் சேர்ந்து அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே, செத்துப்போன அந்தப் பெண்ணுக்காக அன்று எல்லோரையும்விட அதிகமாக அழுதது அவள்தான்.

சண்முகக்கனியின் வீட்டில் அவள் சோறு பொங்கினாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், உப்புக்கு நீட்டிய கையில் புளி அகப்பட்டு விழித்தாள். அவன் ஐஸ் கம்பெனியிலேயே படுத்துக்கொண்டு பகலில் மட்டும் வந்து போனான். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்து வந்தவளிடம் கொஞ்ச நாள் கூச்சமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் செண்பகத்துக்கு உமியில் பொதிந்த ஐஸ் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தவன், குழந்தை அதைக் கிணற்றடியில் உருட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ பேச்சியா?"

"ஊரு அப்படித்தான அத்தான் சொல்லுது."

"ஊரைக் கேக்கல. ஒன்னைக் கேக்கேன்."

உலகு யோசித்தாள். "காலையில முழிக்கையில நான் உலகுதான். இவ அம்மான்னு கூப்பிட்டதும் என்னன்னு சொல்லத் தெரியல. எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லும்போது, நாமதான் தப்பா நெனைக்கோமோன்னு வந்துருது."

அவன் கையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டான். "பேச்சின்னா நான் கம்பெனியில படுத்த மொத நாளே வந்து கதவை ஒடைச்சிருப்பா. என்னைய ஏசுன ஏச்சுல ஐஸு உருகியிருக்கும்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "நான் ஆசப்பட்டுட்டேன் உலகு. ஆசப்படுதவனுக்கு அந்த மச்சம் ஒண்ணே போதுமா இருந்துச்சு."

அவள் பெயரை யாரோ கூப்பிட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

"வா, ஸ்டுடியோ அண்ணாச்சிகிட்டப் போவோம். எடுத்தவருக்குத் திருப்பி எடுக்கவும் தெரியும்ல" என்று அவன் எழுந்தான்.

யேசுவடியான் ஸ்டுடியோவைப் பூட்டி வைத்திருந்தார். பேச்சி வந்த பிறகு அவர் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. ஓடிப்போன புருஷனைக் கொண்டுவரச் சொல்லி ஒருத்தி வந்தாள், அண்ணனைப்போலவே மூக்கு இருக்கிறது என்று ஒருவர் தன் மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றார், காணாமல் போன பசுவின் கன்றைக்கூட ஒருவர் பிடித்துவந்திருந்தார். கதவைத் திறந்தவர் உலகைக் கண்டதும் கும்பிட்டார்.

"தாயி, நான் செய்யுதது எல்லாம் கண்ணை ஏமாத்துத வேலை. லென்ஸை எங்க வைக்கணும், துணியை எங்க தொங்கவிடணும், அதுதான் எனக்குத் தெரியும். இது எப்படி ஆச்சுன்னு சத்தியமாத் தெரியல. திருப்பி எடுத்தா திரும்புமான்னும் தெரியல. எடுக்கச் சொன்னா எடுக்கேன்."

கண்ணாடியை மறுபடி நிறுத்தினார். வெல்வெட்டைச் சுற்றினார். உலகு ஸ்டூலில் உட்கார்ந்து தலைப்பை இரண்டு தோளுக்கும் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் கண்ணாடிக்குள் இடது கன்னத்து மச்சத்தோடு அந்தப் பயந்த பெண் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள் போலிருந்தது. சண்முகக்கனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றான். யேசுவடியான் லென்ஸ் மூடியில் கை வைத்தார்.

"எடுக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றாள் உலகு. பிறகு சண்முகக்கனியைப் பார்த்து, "அத்தான், இவ வந்தா ஆவணியில இவளை என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

அவன் யேசுவடியானைப் பார்த்தான்.

"ஒங்க வீட்டுக்குத்தான அனுப்புவாங்க. அக்கா சேலையைக் கட்டிக்கிட்டு, அக்கா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, அக்கா அடுப்பைப் பத்தவச்சுக்கிட்டு. மச்சம் எந்தப் பக்கம் இருந்தாலும் ஆவணிக்கு அப்புறம் நான் பேச்சிதான அத்தான். அப்ப என்னத்துக்குத் திருப்பி எடுக்கணும்?"

சண்முகக்கனி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். "நாள் குறிச்சிட்டோம்னு சொன்னாங்க. சரின்னேன். ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு எனக்கும் தோணல" என்றான். பிறகு, "நான் ஒனக்குத் தாலி கெட்டமாட்டேன். யாரு வந்து கேட்டாலும் நானே சொல்லிக்கிடுதேன். நீ எப்படி இருக்கணுமோ அப்படி இரு. பிள்ளையை மட்டும் பார்க்காம இருந்துராத" என்றான்.

"இவளைப் பார்க்காம நான் எங்க போவேன்" என்றாள் உலகு.

யேசுவடியானின் கை இன்னும் மூடியின் மேலேயே இருந்தது. "அப்ப எடுக்கவா, வேண்டாமா?"

உலகு கண்ணாடிக்குள் இருந்தவளைப் பார்த்தாள். திரும்பிவிட்டால் எழுத்துகள் நேராகும், பஜார் நேராகும், விரல்கள் பாடத்தைச் சரியாக அடிக்கும். ஆனால் உலகு வந்துவிட்டாள், பேச்சி போய்விட்டாள் என்று ஊர் மறுபடி முடிவு செய்யும். மில் வாசலில் நிற்கிறவர்கள் தாவாங்கட்டையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துத்தான் மறுபடியும் பெயர் சொல்லுவார்கள். எது நல்லது என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இந்தத் தடவை தன் பெயரைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி" என்று எழுந்தாள். சுவரில் முட்டிக்கொள்ளாமல் கையை நீட்டித் தடவி வாசலைக் கண்டுபிடித்தாள்.

மில்லில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டின்களோடும் சருவப் பானைகளோடும் பெண்கள் நின்றார்கள். உலகு நேரே உள்ளே போய் அம்மாவுக்குக் கேட்கும்படி கத்தினாள். மோட்டார் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. மாடத்தி பயந்துபோய் சுவிட்சை அணைத்தாள். பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"எம்மா, பேச்சி வரல. பேச்சி செத்துட்டா. நான் உலகு. நீ எனக்காக அழுதப்போ நான் ஒன் பக்கத்துலதான் இருந்தேன், எல்லாத்தையும் கேட்டேன். அத்தானுக்கு என்னைக் கெட்டிவைக்க வேண்டாம், அத்தானும் வேண்டாம்னுட்டாங்க."

நின்ற பெண்கள் குழம்பிப்போனார்கள். பேச்சிதான் உலகு மாதிரிப் பேசுகிறாள் என்றாள் ஒருத்தி. இல்லை, உலகுதான் பேச்சி மாதிரிக் கத்துகிறாள் என்றாள் இன்னொருத்தி. பித்தளைப் பானையைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு அது இப்போது யாருக்குச் சொந்தம் என்று தெரியவில்லை.

மாடத்தி அவள் முகத்தையே பார்த்தாள். வலது கன்னத்து மச்சத்தை மாவு ஒட்டிய விரலால் தொட்டாள்.

"அப்ப இது யாருதுட்டி?"

"என்னோடதுதாம்மா."

மாடத்தி மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். பேச்சி செத்தபோது ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் அழுததை, இந்தத் தடவை அவளுக்காகத் தனியாக அழுகிறவள் போல, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். பெண்கள் ஒவ்வொருத்தராக டின்களை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்கள். உலகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசலில் சண்முகக்கனி இறக்கிவிட்ட செண்பகம் உள்ளே ஓடிவந்து அவள் மடியில் ஏறி, இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு தரம் சித்தி என்றும் ஒரு தரம் அம்மா என்றும் கூப்பிட்டுப் பார்த்தது. இரண்டுக்கும் உலகு என்னடா என்று கேட்டாள்.

அழுது முடித்த மாடத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளாகப் பூட்டிவைத்த பெட்டியைத் திறக்கிறவள் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சரி. ஒனக்கு என்னதாண்ட்டி வேணும்?"

இந்தக் கேள்வியை உலகு எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்திருந்தாள். பதிலும் எப்போதும் தயாராகத்தான் இருந்தது. இப்போது தேடிப் பார்த்தால் அதைக் காணோம். ஹையர் பரீட்சையா, வெளியூரில் வேலையா, செண்பகத்தோடு இங்கேயே இருப்பதா, யேசுவடியானிடம் திரும்பப் போய் மூடியைத் திறக்கச் சொல்வதா, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள். "யோசிச்சுச் சொல்லட்டுமா?"

மாடத்தி எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். வாசலில் நின்றவர்களைப் பார்த்து, இன்னிக்கு அரைக்கிறதா இல்லை, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினாள்.

"யோசி" என்றாள். "மொதல்ல சாப்புட்டுட்டு யோசி."